ரப்பர் மேல் ஓடிய சர்க்கரைப் பாகு

சித்தி ஐந்து வருடமாக என்ன ஆராய்ச்சி செய்கிறாள் என்று எங்கள் குடும்பத்தில் ஒருவருக்கும் சொல்லத் தெரியாது. கேட்டால், சரிவில் மெல்லிய படலமாக வழியும் திரவம் எப்போது நிலைகுலையும், அடியில் இருக்கும் பரப்பும் வளைந்துகொடுத்தால் என்ன ஆகும் என்று ஆரம்பிப்பாள். கேட்டவர்கள் சாப்பாட்டைப் பற்றி விசாரிக்கத் தொடங்கிவிடுவார்கள்.

அப்பாவுக்குக் கடற்கரையோர அணு ஆராய்ச்சி நிலையத்தில் வேலை. எங்கள் குவார்ட்டர்ஸில் தங்கித்தான் சித்தி படித்தாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, செய்யூரிலிருந்து மாமா வந்து இறங்கினார். அம்மாவுக்கும் சித்திக்கும் அண்ணன். தாத்தா போன பிறகு வீட்டில் அவர் வைத்ததுதான் சட்டம். வேர்க்கடலை மூட்டையை இறக்கிவைத்த கையோடு கேட்டார்: "அஞ்சு வருசமா இன்னாதாம்மா படிச்சிகினு கீற?"

"வாண்ணா, காட்டுறேன்" என்றாள் சித்தி. என்னைக் கூட்டிக்கொண்டு கொல்லைப்புறம் போனாள். சாய்த்துவைத்த பலகையில் ஒரு பாதி கண்ணாடி, மறுபாதி மெல்லிய ரப்பர் விரிப்பு. அம்மாவின் சர்க்கரை டப்பாவைக் காலி செய்து பாகு கரைத்தாள். அதைச் சீராக ஊற்றும் பொறுப்பு ஒன்பது வயதான எனக்கு.

கண்ணாடியில் பாகு துணி விரித்ததுபோல் இறங்கியது. ரப்பரில் பாதி தூரம் ஒழுங்காக வந்து, பிறகு வரிவரியாக நடுங்கியது. சித்தி விரிப்பை இழுத்துக் கட்டினாள், நடுக்கம் அடங்கியது. தளர்த்தினாள், மறுபடியும் வந்தது.

மாமா வேட்டியை மடித்துக்கட்டிக்கொண்டு பலகை அருகே குந்திவிட்டார். "இன்னொரு வாட்டி வுடு" என்று என்னை எத்தனை முறை ஊற்றவைத்தார் என்று நினைவில்லை. எறும்புகள் வந்துவிட்டன. கடைசியில் கேட்டார்:

"ஏம்மா, நடுக்கம் மொதல்ல பாகுக்கு வர்தா, ரப்பருக்கு வர்தா?"

சித்தியின் முகம் மலர்ந்தது. "அதத்தாண்ணா நானும் தேடிகினு இருக்கேன். இன்னும் ரெண்டு வருசம் ஆவும்."

மாமா கையைக் கழுவிக்கொண்டு, "அப்ப முடிச்சிட்டே வா" என்றார். சமையலறை வாசலில் நின்ற அம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். சர்க்கரை போன வருத்தம் என்று நினைத்தேன்.

பஸ் ஏற்றிவிட நானும் போனேன். கேட்காமலே கண்டக்டரிடம் மாமா சொன்னார்: "என் தங்கச்சி கண்டுபுடிக்கிறது இன்னும் ஒருத்தருக்கும் தெரியாது, தெரியுமா?" பஸ் நகர்ந்த பிறகும் ஜன்னல் வழியே அவர் குரல் கேட்டது. கை நடுங்காமல் நான் ஊற்றியதால்தான் இவ்வளவும் என்று எனக்கு ஒரே பெருமை. பள்ளியில் ஒரு வாரம் சொல்லித் திரிந்தேன்.

அன்று சித்தியைக் கையோடு அழைத்துப்போகத்தான் மாமா வந்திருந்தார் என்பதும், செய்யூர் வீட்டில் மாப்பிள்ளை வீட்டார் உட்கார்ந்திருந்தார்கள் என்பதும் அப்போது எனக்குத் தெரியாது. அவர்கள் முன்னால் தனியாகப் போய் நின்று, தாம் கொடுத்த வாக்கை அவர் எப்படித் திருப்பி வாங்கினாரோ, அதைப் பற்றிக் கடைசிவரை யாரிடமும் பேசவில்லை.