கரிச்சட்டியும் ஹூஸ்டன் குளிரும்

பிள்ளை பெற்ற வீட்டுக்குள் நுழைந்தால் குல்சும் இப்போதெல்லாம் முதல் வேலையாகச் சன்னலைத் திறந்துவிடுவாள். பெரியபட்டினத்துப் பெண்கள் அதற்காக அவளை வையாத வசவில்லை. பச்சை உடம்புக்காரிக்குக் காற்றுப் பட்டால் சன்னி கண்டுவிடும் என்பார்கள். "வந்தா நான் பாத்துக்கிறேன், நீங்க அங்கிட்டுப் போங்க" என்று கொக்கியை மாட்டிவிட்டுத்தான் சேலைத் தலைப்பை இழுத்துச் செருகுவாள். அவளிடம் வாய் கொடுத்து ஜெயித்தவர் ஊரில் கிடையாது.

நாற்பது நாள் தாயையும் பிள்ளையையும் பார்த்துக்கொள்வது அவள் தொழில். குளிப்பாட்டுவது, மருந்து கிண்டிக் கொடுப்பது, தலைக்குச் சாம்பிராணி போடுவது எல்லாம் அவள் கைதான். வீறிடுகிற பிள்ளையை வாங்கித் தோளில் போட்டாளானால் அடுத்த நிமிஷம் அது கப்சிப். அதில் அவளுக்குக் கர்வம் உண்டு, மறைக்கவும் மாட்டாள். அந்தக் கர்வத்துக்கு 2021 பிப்ரவரியில் சரியான அடி விழுந்தது.

தங்கை ஹாஃபிஸாவுக்கு அமெரிக்காவில், ஹூஸ்டனில், பெண் பிள்ளை பிறந்திருந்தது. உம்மா மவுத்தான பிறகு ஹாஃபிஸாவை இடுப்பில் தூக்கி வளர்த்தவள் குல்சும்தான். கொரோனா காலம், பிளேன் ஏற வழியில்லை. விடுவாளா? நாற்பதையும் வீடியோ காலிலேயே நடத்தினாள். தங்கை மாப்பிள்ளை இஃப்திகாரை விரட்டி, இறைச்சி சுடுகிற கரியில் ஒரு மூட்டை வாங்க வைத்தாள். முதல் நாள் சாம்பிராணி போட்டதுமே கூரையில் இருந்த புகை மணிகள் ஒவ்வொன்றாய் அலறின. "அந்தச் சனியன்கள எல்லாம் கழட்டி வைங்க மாப்புள" என்றாள். அவனும் கழற்றி வைத்தான். சன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு போடுகிற அளவுக்கு அப்போது அங்கே குளிரும் கம்மிதான்.

பிறகுதான் வந்தது அந்தப் பனிப்புயல். டெக்ஸஸ் மாநிலம் முழுக்க உறைந்து, குழாயெல்லாம் வெடித்து, லட்சக்கணக்கான வீடுகளில் கரண்ட் போனது. வெயிலுக்கென்று கட்டிய வீடுகள், பாவம், குளிரை என்ன செய்யும்? இங்கே குல்சும் மதியம் லுஹர் தொழுது எழுந்த நேரம், அங்கே நடுச்சாமம், ஹாஃபிஸா கூப்பிட்டாள்.

"லாத்தா, ஹீட்டர் நின்னுருச்சு. பிள்ள கை காலெல்லாம் ஐஸா இருக்கு. போன்லயும் சார்ஜ் இல்ல."

"கரி இருக்குல்ல? சட்டியில பத்தவச்சு ரூமுக்குள்ள வையி. சன்னலச் சாத்து. கதவிடுக்குல துணிய அடைச்சு வச்சுட்டுப் பிள்ளையக் கட்டிக்கிட்டுப் படு."

"சரி லாத்தா" என்றதோடு போன் செத்தது. குல்சும் நிம்மதியாகச் சோற்றைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள்.

அவள் புருஷன் சதக்கத்துல்லா சவூதியில், தபூக்கில் லாரி ஓட்டுகிறவர். சாப்பாட்டு நேரத்தில் தினமும் கூப்பிடுவார். தங்கைக்குச் சொன்ன யோசனையை அவரிடம் பெருமையாகச் சொன்னாள்.

"குல்சும், என்ன காரியம் பண்ணிவச்சுருக்க. போன குளிருக்கு எங்க கேம்ப்புல ரெண்டு பேரு இப்படித்தான் கரிய மூட்டிட்டு ரூமச் சாத்திப் படுத்தாங்க. காலையில எந்திரிக்கல. கரிப்புகையில வர்ற விஷத்துக்கு வாசம் கூடக் கிடையாதும்மா. கூரையில இருக்குமே மணி, அது அந்த விஷத்தக் கண்டு அடிக்கிறதுக்குத்தான்."

குல்சும் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்தாள். மணியைக் கழற்றச் சொன்னதும் அவள்தான், இடுக்கை அடைக்கச் சொன்னதும் அவள்தான். என் கையாலேயே கொன்றுவிட்டேனே என்று நினைத்தாள். அவரை லைனிலேயே நிறுத்திவிட்டு அடித்துப் பார்த்தாள், ஹாஃபிஸாவின் போனிலும் இஃப்திகாரின் போனிலும் சத்தமே இல்லை.

"அல்லாட்ட துஆ கேளு குல்சும், நாம என்ன செய்ய முடியும்" என்றார் அவர்.

"துஆவும் கேக்குறேன், போனும் அடிக்கிறேன். நீங்க லைன விட்டு எறங்குங்க."

ஹாஃபிஸாவின் குடியிருப்பிலேயே பரமக்குடிப் பெண் ஒருத்தி இருந்தாள், கோகிலா. ஹாஃபிஸாவுக்குப் பூண்டுக் குழம்பு வைத்துக் கொடுத்தவள். பக்குவம் சொல்வதற்கென்று அவள் நம்பரை குல்சும் வாங்கி வைத்திருந்தாள். மொட்டை மாடியில்தான் சிக்னல் நிற்கும். உச்சி வெயிலில் செருப்பில்லாமல் ஏறி அடித்தாள். எடுக்கவில்லை. மறுபடி அடித்தாள். மணி அடித்து அடித்து ஓய்ந்தது. தளம் காலைச் சுட்டது, மாறி மாறிக் காலைத் தூக்கிக்கொண்டு அடித்தபடியே இருந்தாள். எத்தனை தடவை என்று அவளுக்கே தெரியாது.

"யாருங்க?" என்று ஒரு தூக்கக் குரல் வந்தது.

"ஹாஃபிஸாவோட லாத்தா பேசுறேன் தாயி. நீ எங்கன இருக்க?"

"கார்லக்கா. பிள்ளைகளோட கார் ஹீட்டரப் போட்டு உக்காந்திருக்கோம்."

குல்சும் ஒன்றையும் மறைக்கவில்லை, தான் சொன்ன யோசனை முதற்கொண்டு சொன்னாள். கோகிலா இறங்கி ஓடினாள். படியெல்லாம் கண்ணாடி மாதிரி உறைந்து கிடக்க, கைப்பிடியைப் பிடித்து முட்டி போட்டு ஏறுகிற மூச்சு போனில் கேட்டது. கதவைத் தட்டுகிற சத்தமும் கேட்டது. உள்ளேயிருந்து பதிலில்லை.

"சன்னல ஒடை" என்றாள் குல்சும்.

"அக்கா, போலீஸு கேஸுன்னு ஆயிரும்க்கா."

"எம்பேர்ல போடட்டும். வந்து ஜெயில்ல உக்காந்துக்கிறேன். நீ ஒடை தாயி."

கோகிலா மறுபடி காருக்கு இறங்கி, ஜாக்கிக் கம்பியை எடுத்துக்கொண்டு ஏறினாள். கண்ணாடி நொறுங்கியது. அப்புறம் காலடிச் சத்தம், எதையோ இழுக்கிற சத்தம், "அண்ணே, எந்திரிங்கண்ணே" என்கிற குரல். குல்சும் கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். எத்தனையோ பிள்ளைகளின் அழுகையை அமர்த்தியவள், ஓர் அழுகைச் சத்தம் வராதா என்று போனைக் காதோடு அழுத்திக்கொண்டாள்.

அந்த வாரம் அந்த ஊரில் கரிப்புகையில் கண் திறக்காமலே போனவர்கள் உண்டு. குல்சுமுக்கு அது பிறகுதான் தெரியும்.

முதலில் இஃப்திகார் வாந்தி எடுக்கிற சத்தம் வந்தது. அதன் பின்னாலேயே பூனைக்குட்டி கத்துகிற மாதிரி மெலிசாக ஒரு சத்தம் வந்து, விட்டு விட்டு, பிறகு ஓங்கி வீறிட்டது.

"லாத்தா..." நாக்குக் குழறியது ஹாஃபிஸாவுக்கு. "தல வெடிக்குது லாத்தா. கோகிலாக்கா ஆம்புலன்ஸக் கூப்பிடணுங்குறாங்க. பிள்ள அடங்க மாட்டேங்குது, என்ன செய்ய, சொல்லு."

"ஒண்ணும் செய்யாத" என்றாள் குல்சும். அவளுக்குக் கண்ணீர் கொட்டியது. "அமத்தாதடி. அது அழட்டும். ஆம்புலன்ஸக் கூப்புடுறதுக்கு முன்னால ஒரே ஒரு தடவ போன அது வாய்க்கிட்ட வையி."