மேனேஜருக்கு ஏறிய ரத்தம்

மாணவர் விடுதிச் சமையலறைக்கு அந்தச் சாம்பல் பூனை முதன்முதலாக வந்தபோது, சமையல் மாஸ்டர் துடைப்பத்தோடுதான் வரவேற்றார். அது அசையவில்லை. மாவு மூட்டைமேல் ஏறி உட்கார்ந்து, அவர் வெங்காயம் நறுக்குவதையே கண்கொட்டாமல் பார்த்தது.

"வேலை ஒண்ணும் செய்யாது, எல்லாத்தையும் மேற்பார்வை பார்க்கும். வந்துட்டாருய்யா மேனேஜர்!"

மாஸ்டர் வைத்த பெயர் ஒட்டிக்கொண்டது. பூனையும்தான்.

ஒருமுறை மேனேஜருக்குச் சளி பிடித்தது. மீன் வைத்தாலும் மோந்து பார்க்கவில்லை. விடுதிப் பிள்ளைகளுக்குக் காய்ச்சல் என்றால் மாஸ்டர் வைக்கும் சூப்பு பேர்போனது. கோழி எலும்போடு வெங்காயத்தையும் பூண்டையும் குழையக் கொதிக்கவிடுவார். பூனைக்குக் காரம் ஆகாது என்று மிளகாயையும் மிளகையும் விட்டுவிட்டு, துணியில் வடிகட்டி, ஆறவைத்து, நாள் தவறாமல் கிண்ணத்தில் ஊற்றினார். அது ஒரு சொட்டு மிச்சம் வைக்காமல் நக்கியது.

சளி போனது. பூனைதான் எழுந்திருக்கவில்லை. ஈறு வெளுத்துக் கிடந்தது. சிறுநீர் காப்பி நிறத்தில் போனது. படுத்த இடத்திலேயே மூச்சு வாங்கியது. எதையோ தின்றுவிட்டது, வாந்தி எடுக்கவைக்கலாம் என்று மாஸ்டர் டம்ளர் தண்ணீரில் உப்பைக் கரைத்தார். காய்கறி இறக்க வந்திருந்த அவருடைய மச்சான் டம்ளரைப் பிடித்துக்கொண்டார்.

"மாமா, அவசரப்படாதீங்க. டாக்டரைக் கேட்டுட்டு ஊத்துவோம்."

போனில் கால்நடை மருத்துவர் குரலை உயர்த்தினார். "உப்புத் தண்ணி, பாலு, எதையும் வாயில ஊத்தாதீங்க. என்ன குடுத்தீங்களோ, அதோட மிச்சத்தையும் எடுத்துக்கிட்டு உடனே வாங்க."

காய்கறி வண்டியில், ஒரு கையில் பூனை, மறு கையில் சூப்புச் சட்டி. மருத்துவர் மூடியைத் திறந்து மோந்தார்.

"வெங்காயமா?"

"காரமே இல்லைங்கம்மா! சக்கையக்கூட வடிகட்டிட்டேன்."

"பூனைக்கு மிளகாயை விட இதுதான் ஆபத்து. வெங்காயம், பூண்டு ரெண்டுமே அதோட ரத்தத்துல இருக்கிற சிவப்பணுவை உடைச்சிடும். வேகவச்சாலும் வடிகட்டினாலும் விஷம் சாறுலயே நிக்கும். இப்போ உள்ள ரத்தம் போதலை. வேற ரத்தம் ஏத்தணும்."

"பூனைக்கு ரத்தமா? யாரு குடுப்பா?"

மருத்துவமனையிலேயே வளரும் குண்டுச் செம்பூனை ஒன்று மேசைக்கு அடியிலிருந்து சோம்பலாக எட்டிப் பார்த்தது. ரத்தவகை பொருந்துகிறதா என்று பார்த்தார்கள். பொருந்தியது. அதற்கு மயக்க மருந்து கொடுத்து, கழுத்தில் ஊசி போட்டு ரத்தம் எடுத்தார்கள்.

அந்த ரத்தம் மேனேஜரின் காலில் சொட்டுச் சொட்டாக இறங்கியது. மருத்துவர் அவ்வப்போது பூனையின் உதட்டைத் தூக்கி மாஸ்டருக்குக் காட்டினார். சுண்ணாம்பாக இருந்த ஈற்றின் ஓரத்தில், பொழுது விடிவதுபோல, சிவப்பு மெல்லப் படர்ந்தது. பாத்திரம் பாத்திரமாகக் கொதிக்கவைத்த மனுஷர், உள்ளங்கை அளவு ரத்தம் ஓர் உயிரை மறுபடி பற்றவைப்பதைப் பார்த்தபடி இரு கையையும் கூப்பிவிட்டார். யாரைக் கும்பிட்டாரோ, செம்பூனை பக்கம்தான் திரும்பியிருந்தார்.

மச்சான் அவர் காதோரம் சொன்னார்: "மாமா, நமக்குச் சம்பந்தி வந்தாச்சு."

மாஸ்டர் இன்றும் அதே விடுதியில்தான் சமைக்கிறார். சட்டியில் வெங்காயம் விழுவதற்கு முன்பே, வெறும் தண்ணீரில் வெந்த மீன் மேனேஜரின் கிண்ணத்துக்குப் போய்விடும். வாரம் ஒருமுறை இன்னொரு பங்கு, மச்சானின் வண்டியில், மருத்துவமனைக்குப் போகிறது.