எல்லாப் பக்கத்திலும் டிக்

பிள்ளைகள் வைத்த பெயர் ‘டிக் டீச்சர்’. முகத்துக்கு நேரே யாரும் சொன்னதில்லை. ஆனால் அவருக்குத் தெரியும். இருபத்தாறு வருடமாக மொழிப்பாடம் நடத்துகிறவர். முதல் பத்து வருடம் ஒரு வரி விடாமல் படித்துச் சிவப்பு மையால் திருத்தினார். பிழையான சொல்லைப் பத்து முறை எழுத வைத்தார். பிறகு இலக்கண வகுப்பு வாரத்துக்கு ஐந்திலிருந்து ஒன்றானது. கழுதை தேய்ந்து கட்டெறும்பான கதைதான்.

“சிவப்பைப் பாத்தாலே பெத்தவங்க சண்டைக்கு வர்றாங்கம்மா. ஆய்வுக்கு வர்றவங்களும் டிக் இருக்கான்னுதான் பாக்குறாங்க. ஊரோட ஒத்துப் போங்க,” என்றார் தலைமையாசிரியர்.

டீச்சரும் ஒத்துப் போனார். அறுபது நோட்டை ஒரே பாடவேளையில் முடிக்கக் கை பழகிவிட்டது. பக்கத்துக்கு ஒரு டிக், கடைசியில் ‘நன்று’. படிப்பது மட்டும்தான் நின்றுபோனது.

ஒரு திங்கட்கிழமை மதியம், மருத்துவமனையில் துப்புரவு வேலை பார்க்கும் ஓர் அம்மா ஆசிரியர் அறைக்கு வந்தாள். அவளுடைய மூத்த மகள் போன வருடம்தான் இவரிடம் படித்து முடித்தவள்.

“டீச்சர், மூத்தவ எங்க ஆஸ்பத்திரியிலேயே சீட்டு எழுதற வேலை கேட்டுப் போனா. சொல்றதை எழுதச் சொன்னாங்களாம். ஒரே தப்புன்னு திருப்பி அனுப்பிட்டாங்க. வேற யாருக்கோ சிபாரிசு இருந்திருக்கும்!” பையிலிருந்து மூன்று வருட நோட்டுகளை எடுத்து வைத்தாள். ஒன்றின் அட்டைகூடக் கசங்கவில்லை. “நான் கைநாட்டு. ஆனா டிக்குன்னா தெரியுமே! தினமும் புரட்டிப் பாப்பேன். இதைக் காட்டித்தான் மேனேஜர்கிட்ட சண்டை போட்டேன். அந்தாளு சிரிக்கிறான். நீங்க வந்து ஒரு வார்த்தை சொல்லுங்க.”

டீச்சர் நோட்டைத் திறந்தார். முதல் வரியிலேயே நான்கு பிழை. அடியில் அவருடைய டிக், நன்றாகப் பெரிதாக. ஒரு பக்கத்திலாவது தன் பேனா தயங்கி நின்றிருக்காதா என்று புரட்டினார். எங்குமே நிற்கவில்லை.

“மேனேஜர் சொன்னது சரிதாம்மா. பாப்பாவுக்கு எழுத வரல. நான் படிக்காமலேதான் டிக் போட்டேன்.”

அந்த அம்மா நோட்டுகளை ஒவ்வொன்றாகப் பைக்குள் அடுக்கினாள். வாசல்வரை போய்த் திரும்பினாள்.

“சின்னவ இப்ப உங்க வகுப்புலதானே இருக்கா, டீச்சர்? அவளுக்கும் எல்லாப் பக்கத்துலயும் டிக் இருக்கே.”

அந்த வகுப்பு நோட்டுகளை அவர் அன்று காலையில்தான் முடித்திருந்தார்.