விசிலோடு சண்டை போட ஆளில்லை

எங்கள் பஸ் பணிமனையில் டயர் செக்‌ஷன்காரனுக்கு விசில் என்று பெயர். பெற்றவர்கள் வைத்த பெயர் சம்பளச் சீட்டில் இருக்கும். அதைச் சொல்லி நாங்கள் யாரும் அவனைக் கூப்பிட்டதில்லை. கேன்டீன் டிவியில் கூடைப்பந்து ஓடினால் அவன் உட்கார மாட்டான். டிவிக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு, நடுவர் ஊதும் முன்னால் இவன் வாயால் ஊதிவிடுவான். "ஃபவுல்! கையில தட்டிட்டான்!" என்பான். பாதி நேரம் சரியாக இருக்கும். மீதி நேரம் நடுவருக்குக் கண் அவிந்துவிட்டது என்று முடித்துவிடுவான்.

நான் பேட்டரி செக்‌ஷன். எனக்கும் அவனுக்கும் நடுவில் ஒரு தகரத் தடுப்பு. அவன் பேச்சைக் கேட்டுக் கேட்டே என் தலை நரைத்தது என்று என் வீட்டில் சொல்வார்கள்.

ஆள் குள்ளம். கழுத்தும் தோளும் ஒரே கட்டை. யாரையும் பாராட்டத் தெரியாது. சாப்பாடு நன்றாக இருந்தால் வாயைத் திறக்காமல் தின்பான். சரியில்லை என்றால் தட்டோடு கேன்டீன் அக்காவிடம் போய் நிற்பான். அக்கா கரண்டியைக் காட்டி விரட்டும். டயரைத் தேய்த்துக் கொண்டுவரும் டிரைவரிடம், "வண்டி ஓட்டினியா, பிரேக்ல காலை வச்சுக்கிட்டே தூங்கினியா?" என்று எல்லார் முன்னாலும் கேட்பான். டிரைவர்கள் அவனைச் சபிப்பார்கள். ஆனால் தொலைதூர வண்டி எடுக்கும்போது சக்கரத்தை அவனிடம் காட்டாமல் கேட்டைத் தாண்ட மாட்டார்கள்.

உலகப் போட்டி வந்துவிட்டால் பணிமனை இரண்டாகிவிடும். வெளிநாட்டு அணிகளின் பெயர் எங்கள் வாயில் ஒழுங்காக நுழையாது. சட்டை நிறம்தான் பெயர். பச்சை என்றால் நெட்டைகள். சிவப்பு என்றால் இடித்துத் தள்ளிக்கொண்டு ஆடுகிறவர்கள். நீலம் என்றால் ஓட்டம்.

விசில் எப்போதும் நீலத்தின் பக்கம். "உயரம் என்னடா உயரம்? பாஸ் வேணும், கால் வேணும். ஒட்டகச்சிவிங்கிய இறக்கிவிட்டா பந்து ஆடிருமா?" என்பான்.

அவனுக்கு எதிர்க்கட்சி பெயிண்டர். பஸ்ஸுக்கு வண்ணம் அடிக்கிறவன். பச்சைக்காக உயிரைக் கொடுப்பான். "பந்து கீழ வந்தாத்தானே உன் நீலம் ஓடும்? மேலயே புடிச்சுக்கிட்டா என்ன பண்ணுவான், பேன் பார்ப்பானா?"

ஒருமுறை பெயிண்டர் பாதி ஆட்டம் வரைக்கும் வெள்ளைச் சட்டைக்காரர்களைக் கண்டபடி திட்டித் தீர்த்தான். இடைவேளையில்தான் தெரிந்தது, அன்றைக்குப் பச்சைக்காரர்கள்தான் வெள்ளை போட்டுக்கொண்டு வந்திருந்தார்கள். விசில் மேசையைத் தட்டிச் சிரித்தான். "ஏண்டா, உன் பொண்டாட்டி புதுப் புடவை கட்டினா வீட்டுக்குள்ள விடுவியா, யாருன்னு கேட்டு அனுப்பிருவியா?" பெயிண்டர் ஒரு வாரம் கேன்டீன் பக்கம் வரவில்லை. எட்டாவது நாள் வந்ததும், விட்ட இடத்திலிருந்து சண்டை தொடங்கியது. அப்படித்தான் அவர்கள் இரண்டு பேரும்.

விசிலுக்கு ஒரே பெண். அவன் மனைவிக்குத் துணிக் கம்பெனியில் பிற்பகல் ஷிஃப்ட். பள்ளிக்கூடம் விட்டதும் பாப்பா நேராகப் பணிமனைக்கு வந்துவிடும். டயர் குவியலில் ஏறிக் குதித்துத் தொல்லை கொடுக்கிறது என்று, விசில் ஒரு கம்பியை வளைத்து வெல்டிங் வைத்து வளையம் செய்தான். பழைய பஸ்ஸின் ஊர்ப்பலகையை அதற்குப் பின்பலகையாக வைத்து டயர் செக்‌ஷன் பின்சுவரில் மாட்டினான். அந்தப் பலகையில் வெள்ளைக் கட்டம் போட்டுக் கொடுத்தது பெயிண்டர்தான். சாப்பாட்டு நேரம் முடிந்து வருகிற எல்லாரும் பாப்பாவோடு நாலு பந்து போட்டுவிட்டுத்தான் வேலைக்குப் போவோம்.

பாப்பா வளர்ந்தது. அம்மா வழியில் உயரம் போல. முதலில் அப்பனின் தோளைத் தொட்டது. பிறகு அப்பன் அவள் தோளைத் தொட எக்கினான். விளையாட்டு விடுதியில் சேர்த்துக்கொண்டார்கள். அங்கிருந்து தினமும் சாயங்காலம் ஃபோன் வரும். கேள்வி ஒன்றுதான். "அப்பா, எப்படி ஆடினேன்?" பார்த்த ஆட்டமாக இருந்தால் இவன் பார்த்ததைச் சொல்வான். "கேவலமா ஆடின. இடது கை எதுக்கு வச்சிருக்க, வளையல் போடவா?" தடுப்புக்கு இந்தப் பக்கம் நான், போதும் விடுடா என்று தகரத்தைத் தட்டுவேன். அவளோ சிரித்துக்கொண்டு இன்னும் இன்னும் கேட்பாள்.

இந்த வருடம் உலகப் போட்டிக்கு நம் நாட்டுப் பெண்கள் அணியை அறிவித்தார்கள். கடைசிப் பெயர் பாப்பாவுடையது. பதினாலாம் நம்பர் சட்டை. அக்கா அன்றைக்கு எல்லாருக்கும் டீ இனாம் என்றது. விசில் மட்டும், "டீல தண்ணி ஜாஸ்தி" என்றான். ஆனால் இரண்டாவது டம்ளரும் கேட்டு வாங்கிக் குடித்தான்.

முதல் ஆட்டம் நீலத்தோடு. மதியச் சாப்பாட்டு நேரத்தில் வந்தது. பாப்பா கொஞ்ச நேரம் இறங்கினாள். நாம் ஜெயித்தோம். வழக்கமாக ஆட்டம் முடிந்தால் அரைமணி நேரம் அடிதடி நடக்கும். அன்றைக்கு எல்லாரும் தட்டைக் கழுவ எழுந்துவிட்டோம்.

"என்னடா, ஒண்ணும் சொல்லலியா?" என்றான் விசில்.

"நல்லா ஆடுச்சுண்ணே பாப்பா" என்றான் பெயிண்டர்.

அண்ணே! பெயிண்டர் அவனை அதுவரை அண்ணே என்று கூப்பிட்டதே இல்லை. விசில் அவனைக் காய்ச்சல் கண்டவனைப் பார்ப்பதுபோல் பார்த்தான்.

இரண்டாவது ஆட்டம் பச்சையோடு. நம் அணியின் முதல் உயரக்காரி ஃபவுல் மேல் ஃபவுல் வாங்கிப் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டாள். பதினாலாம் நம்பரை இறக்கினார்கள். பிறகு நடந்ததைக் குருடனும் பார்த்திருப்பான். எறிந்த பந்து வளையத்தில் பட்டுத் தெறித்து வரும்போதெல்லாம், பாப்பாவுக்குப் பின்னாலிருந்து ஒரு பச்சைச் சட்டை முன்னால் வந்து எடுத்துக்கொண்டு போனது. திரும்பத் திரும்ப. தோற்றோம். நன்றாகவே தோற்றோம்.

கேன்டீனில் ஆளுக்கொரு காரணம் சொன்னோம். நடுவர் சரியில்லை. தரை வழுக்குது. கோச்சுக்கு மூளை இல்லை.

விசில் எங்களை ஒருமுறை சுற்றிப் பார்த்தான். "இத்தனை வருஷமா நடுவரை நான் திட்டினா என்னைத் திட்டுவீங்க. இன்னிக்கு நடுவர் மேல தப்பா? சரி." தட்டை அப்படியே வைத்துவிட்டுப் போய்விட்டான். தட்டில் பாதிச் சாப்பாடு இருந்தது. அக்கா எங்களைப் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டது.

நான் பின்னாலேயே போனேன். டயரைக் கழற்றப் போட்ட லீவரை இழுக்காமல் சும்மா பிடித்துக்கொண்டு நின்றான்.

"என்னடா ஆச்சு உனக்கு?" என்றேன்.

"எனக்குக் கண்ணு தெரியலடா."

"கண்ணாடி போடு."

"அட, அது இல்லடா. அவ ஓடுறப்ப அவ காலுதான் தெரியுது. மடங்கிருமோ, விழுந்துருவாளோன்னு அதையே பார்த்துக்கிட்டு இருக்கேன். பந்து எங்க போச்சு, யாரு எடுத்தா, ஒண்ணும் தெரியல. முத ஆட்டம் முடிஞ்சு ஃபோன் பண்ணினா. எப்படிப்பா ஆடினேன்னா. என்னத்தைச் சொல்ல? நல்லா ஆடினம்மான்னேன்.  நீங்களுமாப்பான்னு கேட்டா."

நான் ஒரு டயரை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன்.

"அங்க எல்லாரும் நல்லா ஆடின, நல்லா ஆடினன்னுதான் சொல்றாங்களாம். வீட்டுல ஒரு ஆளாவது நெசத்தைச் சொல்லும்னு இருந்தா. நாளன்னிக்கு சிவப்புக்காரங்க. அதுல தோத்தா கோப்பையை மறந்துர வேண்டியதுதான். இன்னிக்கு சாயங்காலம் மறுபடி கேப்பா. நீங்க பேசுவீங்க, அதைப் புடிச்சு சொல்லிரலாம்னு பார்த்தேன். நீங்க என்னடான்னா எழவு வீட்டுக்கு வந்தவனுங்க மாதிரி உக்காந்திருக்கீங்க."

சாயங்காலம் ஃபோன் அடித்தது. அவன் எடுக்கவில்லை. அடித்து அடித்து நின்றது. தகரத்துக்கு இந்தப் பக்கம் கேட்டுக்கொண்டிருந்த எனக்கே எடுத்துப் பேசிவிடலாம் என்று இருந்தது.

அவனை விட்டுவிட்டுப் பெயிண்டரைத் தேடிப் போனேன். ஒரு பஸ்ஸின் முதுகில் பட்டை அடித்துக்கொண்டிருந்தான்.

"உன் வாய எங்கடா அடகு வச்ச?"

"பெத்தவன் மூஞ்சிக்கு நேரா எப்படிடா சொல்றது? நாளைக்கு என் பொண்ணுன்னா நான் தாங்குவேனா?"

"அவன் தாங்குவான். நீ சொல்லலைன்னாதான் தாங்க மாட்டான்" என்று நடந்ததைச் சொன்னேன். அவன் பிரஷ்ஷை டப்பாவில் போட்டுவிட்டுத் துணியில் கையைத் துடைத்தான்.

மறுநாள் ஆட்டம் இல்லை. டிவி சும்மா ஓடிக்கொண்டிருந்தது. சிவப்பின் பலம் என்ன என்று யாரோ ஒப்புக்குப் பேச்சைத் தொடங்கினார்கள். பெயிண்டர் தொண்டையைச் செருமினான்.

"சிவப்புக்காரிங்க எவளும் நெட்டை இல்ல. ஆனா இடுப்பால தள்ளி இடம் புடிப்பாளுங்க. நாளைக்கு நம்மள அங்கதான் உரிக்கப் போறாளுங்க." நிறுத்தி விசிலை நேராகப் பார்த்தான். "ஏன்னா உன் பொண்ணு பந்தைப் பார்த்துக்கிட்டு நிக்குது. பின்னால ஆள் இருக்கான்னு பார்க்கவே மாட்டேங்குது."

அக்கா கரண்டியைக் கீழே வைத்தது.

"என்னடா சொன்ன?" விசிலின் கழுத்து சிவந்துவிட்டது.

"காதுல விழுந்துச்சுல்ல? பந்து மேல போனதும் வாயப் பொளந்துக்கிட்டு அண்ணாந்து பார்க்குது. முதுகைக் குடுத்து ஆளை மறிக்கணும். மறிச்சுட்டுத்தான் பந்து."

"அவ உயரத்துக்கு எவடா கிட்ட வருவா?"

"பச்சைக்காரி வந்தாளே, பார்க்கலியா? உன் பொண்ணு எங்க கத்துக்கிச்சு? உன் வளையத்துல. பின்னால யாரு இருந்தா? டயர் குவியல். அது வந்து பந்தைப் பிடுங்கப் போகுதா? நாம போடும்போது நாம என்ன பண்ணினோம்? புள்ள எடுத்துக்கட்டும்னு ஆளாளுக்கு விலகி நின்னோம். ஒருத்தனாவது இடிச்சோமா? பந்துன்னா தானா தன் கைக்கு வரும்னு நெனச்சே வளர்ந்திருக்கு."

விசில் எழுந்தான். அடிக்கப் போகிறான் என்றுதான் நினைத்தேன். அக்காவும் அப்படி நினைத்துக் குறுக்கே வந்தது. அவன் பெயிண்டரின் சட்டையைக் கொத்தாகப் பிடித்து, கேன்டீனுக்கு வெளியே, டயர் செக்‌ஷன் பின்பக்கம் இழுத்துக்கொண்டு போனான். நாங்கள் அத்தனை பேரும் பின்னால் ஓடினோம்.

வளையம் துருப்பிடித்து இன்னும் அங்கேயே இருந்தது. பாப்பாவின் பழைய பந்துக்குக் காற்று அடித்துக் கொண்டுவந்தான் விசில். டயர்க்காரனுக்குக் காற்றுக்கா பஞ்சம்? என் கையில் கொடுத்து, "போடு" என்றான். பெயிண்டரிடம், "காட்டுடா" என்றான்.

நான் எறிந்தேன். பந்து பலகையில் பட்டது. விசில் அண்ணாந்து பார்த்தான். பெயிண்டர் தன் பின்புறத்தால் அவனை ஒரு இடி இடித்து ஒதுக்கிவிட்டு, நோகாமல் பந்தை எடுத்துக்கொண்டான். தொப்பை வைத்த ஆள், குதிக்கக்கூட இல்லை.

"இன்னொரு தரம்" என்றான் விசில்.

இன்னொரு தரமும் அதேதான். மூன்றாவது தரம் விசில் பந்தையே பார்க்கவில்லை. திரும்பி, முதுகைக் கொடுத்து, பெயிண்டரைத் தள்ளிக்கொண்டே போய் டயர் குவியலுக்குள் உட்காரவைத்துவிட்டான். கால் இரண்டும் மேலே தெரிந்தன. பந்து தானாக உருண்டு விசிலிடம் வந்தது.

"ஃபவுல்!" என்று குவியலுக்குள்ளிருந்து கத்தினான் பெயிண்டர்.

"எந்த ஊரு ஃபவுலுடா இது? நான் அசையாம நின்னேன், நீதான் வந்து மோதின!"

"நின்னியா? புல்டோசர் மாதிரி வந்தியேடா!"

ஃபவுலா இல்லையா என்று பணிமனையே இரண்டாகப் பிரிந்துவிட்டது. எனக்கு அப்பாடா என்று இருந்தது.

அன்று சாயங்காலம் விசில்தான் ஃபோன் போட்டான். தகரத்துக்கு இந்தப் பக்கம் எல்லாம் கேட்டது. "நேத்து நீ ஆடினது ஆட்டமே இல்ல. பந்தை எதுக்கு முதல்ல பாக்குற? ஆளைத் தேடு. முதுகை வை. அப்புறம் பாரு பந்தை." அந்தப் பக்கம் அவள் என்னவோ சொன்னாள்.  "நான் எங்க பார்த்தேன்? பெயிண்டர் சித்தப்பாதான் சொன்னான்." ஃபோனுக்குள் சிரிப்புச் சத்தம் என் வரைக்கும் வந்தது.

மறுநாள் மதியம் சிவப்போடு ஆட்டம். பாப்பாவைப் பாதியில் இறக்கினார்கள். முதல் பந்து தெறித்தது. அவள் திரும்பி முதுகைக் கொடுத்தாள். சிவப்புக்காரி தள்ளிப் பார்த்தாள், நகரவில்லை. பந்து பாப்பா கைக்கு வந்தது. பெயிண்டர் மேசைமேல் ஏறிவிட்டான். "அப்படிப் போடுடி!" என்றான்.

"என் பொண்ணை டி போட்டுப் பேசுறியா?"

"பேசுவேன்டா."

"பேசித் தொலை" என்றான் விசில், கண்ணைத் திரையிலிருந்து எடுக்காமல்.

கடைசிவரை இழுத்துக்கொண்டே போனது. இரண்டு புள்ளி பின்னால் இருந்தோம். கடைசி நொடியில் பாப்பாவை இடித்ததற்கு, யாரும் மறிக்காமல் எறிய இரண்டு ஃப்ரீ த்ரோ கிடைத்தது. இரண்டையும் போட்டால் சமம். இரண்டையும் விட்டாள். அவ்வளவுதான். தோற்றுவிட்டோம்.

 பெயிண்டர் மேசையிலிருந்து இறங்கி மூக்கைச் சொறிந்துகொண்டு நின்றான். தோற்கடித்த பிள்ளையை எப்படித் திட்டுவது?

யாரும் தட்டைக் கழுவக்கூட எழுந்திருக்கவில்லை. கொஞ்ச நேரத்தில் ஃபோன் அடித்தது. சாயங்காலம் வரைக்கும் அவளால் பொறுக்க முடியவில்லை போல. விசில் ஃபோனை மேசை நடுவில் வைத்து ஸ்பீக்கரைப் போட்டான்.

"அப்பா." அழுது முடித்த குரல். "எப்படி ஆடினேன்?"

விசில் எங்களை யாரையும் பார்க்கவில்லை. "தெறிச்சு வந்த பந்தை எடுத்தது பரவாயில்ல. ஃப்ரீ த்ரோ ரெண்டும் கேவலம். முட்டி மடங்கவே இல்ல. ரெண்டாவதுக்கு மூச்சு விடாமப் போட்ட. நான் பார்த்தேன்."

நான் பார்த்தேன் என்றானே, அதில் ஒரு திமிர் இருந்தது. பழைய திமிர்.

அந்தப் பக்கம் மூக்கை உறிஞ்சும் சத்தம். பிறகு, "முட்டியாப்பா? நான் கைன்னு நெனச்சேன்" என்றாள்.

"கைதான் பாப்பா!" என்று பாய்ந்தான் பெயிண்டர். "உங்கப்பன் பேச்சைக் கேக்காத, முழங்கை வெளிய போயிருச்சு!"

"முட்டிடா!"

"கை!"

"பதற்றம்மா, வேற ஒண்ணுமில்ல" என்றது அக்கா.

"ஒவ்வொருத்தராப் பேசுங்க, ஒண்ணும் புரியல" என்று ஃபோன் கத்தியது. யாரும் ஒவ்வொருத்தராகப் பேசவில்லை. மூன்றாம் இடத்துக்கான ஆட்டம் யாரோடு வரும், பச்சையா நீலமா, யார் வந்தால் நமக்கு நல்லது என்று பேச்சு அங்கே தாவியது. விசில் நீலம் என்றான். பெயிண்டர் பச்சை வரட்டும், பாப்பா பழி தீர்க்கட்டும் என்றான்.

மணி அடித்து வெகுநேரமாகியும் ஒருத்தனும் வேலைக்கு வரவில்லை என்று ஃபோர்மேன் வந்து வாசலில் நின்றார். வெளியே மூன்று பஸ் டயருக்காக நிற்கிறது என்று கத்தினார். பிறகு மேசையில் கிடந்த ஃபோனைப் பார்த்தார். யார் என்று கேட்டார். சொன்னோம்.

குனிந்து ஃபோனுக்குப் பக்கத்தில் வாயை வைத்து, "ஏம்மா, முட்டியை ஏன் மடக்கல?" என்றார்.