மூணு சென்ட்

எங்கள் ஊர்ச் சரித்திரத்தை எழுத உட்கார்ந்தால் அரைப் பக்கம் தேறாது. ஏற்காட்டில் வெள்ளைக்காரன் காட்டை வெட்டிக் காப்பி நட்டான். வேலைக்கு ஆள் வேண்டுமென்று கீழ்நாட்டிலிருந்து எங்கள் பாட்டன்மாரைக் குப்பனூர் வழியாக நடத்திக் கூட்டி வந்தான். அவர்கள் தங்க வரிசையாகப் பத்து வீடு கட்டி, ‘லைன்’ என்று பேர் வைத்தான். அப்புறம் அவனும் போனான், முதலாளிகள் மாறிமாறி வந்தார்கள். இன்றைய முதலாளி சேலத்துக்காரர். அவரையும் நாங்கள் தொரை என்றுதான் கூப்பிடுகிறோம்.

லைன் வீட்டுக்கு ஒரு சட்டம் உண்டு. வேலையில் இருக்கும்வரைதான் வீடு. மூன்று வருடத்துக்கு முன், வயதாகி, அம்மாவுக்கும் அந்த முறை வந்தது. காப்பிப் பழம் பறித்து முடிந்ததும் வேலை நிற்கும், வீட்டையும் காலி செய்ய வேண்டும். என்னைக் கட்டிக்கொடுத்த இடம் வெள்ளக்கடை. ஒற்றை அறையில் ஆறு பேர். ஆனாலும் வா என்று கூப்பிட்டேன்.

“உம் மாமியாளோட ஒரே அடுப்புல நா பொங்கித் திங்கறதா? போ கண்ணு!”

அதோடு பேச்சு முடிந்தது. ரோட்டோரம் சும்மா கிடக்கும் எஸ்டேட் மேட்டில் கொஞ்சம் இடம் கேட்டுப் பாருங்கள் என்று, எஸ்டேட் கணக்கு எழுதும் ரைட்டரிடம் சொல்லி வைத்தாள். தொரையிடம் கேட்டுச் சொல்வதாக அவரும் தலையாட்டினார்.

நானும் அதே எஸ்டேட்டில் தினக்கூலிக்குப் பழம் பறிக்கப் போவேன். ஒரு காலை ஆபீஸ் ஜன்னலைத் தாண்டும்போது ரைட்டர் தொரையோடு போனில் பேசுவது காதில் விழுந்தது. “மேல் டிவிசனுக்கு மூணு சென்டுங்க. கீழ் டிவிசனுக்கு ரெண்டுங்க.”

எங்கள் லைன் இருப்பது மேல் டிவிசனில். மீதியைக் கேட்க நான் நின்றால்தானே! ஒரே ஓட்டம். அடுத்த அரை மணி நேரத்தில் லைன் முழுக்கத் தெரிந்துவிட்டது. அம்மா அன்றைக்கே மேட்டில் நாலு குச்சி நட்டுக் கயிறு கட்டினாள். மறுநாள் மூன்று கல் கொண்டுவந்து, இங்கேதான் அடுப்பு என்றாள். பார்க்க வந்த பெண்களையெல்லாம் கயிற்றுக்குள்ளேயே உட்கார வைத்துக் காப்பி கொடுத்தாள். எனக்கும் தலைகால் புரியவில்லை.

தேங்காய் பழத்தோடு ரைட்டரைப் பார்க்கப் போனேன்.

“எதுக்குங்க அக்கா இதெல்லாம்?”

“மூணு சென்ட் வாங்கிக் குடுத்தீங்கல்ல, அதுக்குத்தானுங்க.”

அவர் முழித்தார். பிறகு விழுந்து விழுந்து சிரித்தார். “ஏனுங்க அக்கா, அது மழைங்க!”

பங்களாத் தோட்டத்தில் வெள்ளைக்காரன் காலத்து மழைமானி ஒன்று இருக்கிறது. ஓர் இஞ்சு மழையை நூறாகப் பிரித்து, ஒவ்வொன்றையும் ஒரு சென்ட் என்று தினமும் எழுதுவார்களாம். முந்தின நாள் தூறல் மூணு சென்ட். நிலத்தைச் சென்டில் அளப்பது ஊருக்கே தெரியும். மழையையும் அப்படி அளப்பார்கள் என்று எவள் கண்டாள்? இடத்தைப் பற்றி இன்னும் கேட்கவேயில்லை என்று வேறு சொன்னார். எனக்கு மானமே போய்விட்டது. அம்மாவிடம் எந்த மூஞ்சியோடு சொல்வது?

சொன்னேன். அவள் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள். கடைசியில், “தொரை எப்ப மேல வர்றாரு?” என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை வந்தார். ஜீப்பை விட்டு இறங்கக்கூட விடாமல் அம்மா முன்னால் போய் நின்றாள். நடந்ததைச் சொல்லிவிட்டு, “மழைக்கு மூணு சென்டுன்னு எழுதறீங்க. நாப்பது வருசம் அந்த மழைல நனஞ்சவளுக்கு ஒன்னும் எழுத மாட்டீங்களாங்க?” என்று கேட்டாள். ரைட்டர் தலையைக் குனிந்துகொண்டார்.

“எந்த எடம்? காட்டு” என்றார் தொரை.

மேட்டுக்குக் கூட்டிப் போனோம். கயிற்றைச் சுற்றி ஒரு நடை நடந்தார். அந்த மூன்று கல்லைப் பார்த்துக்கொண்டே நின்றார்.

“அடுப்ப இந்தப் பக்கம் வெச்சா சாரல் அடிக்காதாம்மா?”

“அப்ப எந்தப் பக்கம் வெக்கறதுங்க?” என்று அம்மா கேட்டாள். எனக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது.

மூணு சென்டுக்கும் பத்திரம் அம்மா பேருக்கே ஆனது. அதில் ஓட்டு வீடு கட்டினோம், ஒரே அறை. குடிபோன மறுநாள் போய்ப் பார்த்தால், அம்மா ஸ்டூலில் ஏறி நின்று ஆணி அடித்துக்கொண்டிருக்கிறாள். ஏற்கெனவே வரிசையாகப் பதினோரு ஆணி. மாட்டுவதற்கு ஒரு காலண்டரைத் தவிர அவளிடம் ஒன்றும் கிடையாது. லைன் சுவரில் ஓர் ஆணி அடிக்க வேண்டுமென்றாலும் ரைட்டரைக் கேட்க வேண்டும்.

“எதுக்கும்மா இத்தன ஆணி?”

அம்மா திரும்பக்கூட இல்லை. “எஞ் செவுரு கண்ணு. அடிப்பேன்.”