நூறு மணி நேரம் பழகிய ஸ்பீக்கர்

புது ஸ்பீக்கரை நூறு மணி நேரம் ஓடவிட்டுப் பழக்கினால்தான் அதன் குரல் திறக்குமாம். யானைக்கவுனிப் பக்கம் ஒரு கடைக்காரர் சொல்ல, என் வீட்டுக்காரர் தலையாட்டி வாங்கி வந்துவிட்டார். ஏழு நாளுக்குள் மாற்றிக்கொள்ளலாம் என்று பில்லில் போட்டிருந்தது. தினம் பத்து மணி நேரம் ஓட்டினால் நூறு முடியப் பத்து நாளாகும். அதற்குள் மாற்றும் கெடு தாண்டிவிடும் என்பது இவர் மண்டையில் ஏறவே இல்லை. கேட்பவன் கேனையன் என்றால் கேப்பையில் நெய் வடியும்.

எனக்கு அப்போது ஆஸ்பத்திரியில் நைட் டூட்டி. காலை எட்டரைக்கு ராயபுரம் வீட்டுக்கு வந்து சாயங்காலம் வரை தூங்கினால்தான் அன்று ராத்திரி ஊசி போடக் கை நடுங்காது. இருப்பதோ ஒரே அறை. ராத்திரியில் பாட்டுப் போட்டால் மாடியில் இருக்கும் வீட்டு ஓனர் திட்டுவார் என்று, காலையில் போட்டுவிட்டு வேலைக்குப் போக இவர் முடிவு செய்தார். நான் எப்படித் தூங்குவது என்று கேட்டேன். "பத்து நாளு தானம்மே, அட்ஜஸ் பண்ணிக்கோ" என்றார். ஓனர் தூக்கத்துக்கு இருந்த மரியாதை என் தூக்கத்துக்கு இல்லை. த்தூ.

முதல் நாள் கண் மூடவில்லை. அன்று ராத்திரி வார்டில் ஒரு பெரியவருக்குப் போடவேண்டிய ஊசியோடு பக்கத்துக் கட்டில்காரரிடம் போய் நின்றேன். கூட இருந்த சிஸ்டர்தான் கையைப் பிடித்துத் தடுத்தாள். மறுநாளிலிருந்து வீட்டுக்கு வந்ததும் வயரைப் பிடுங்கிவிட்டுத் தூங்கினேன். அவர் எண்ணூர் கம்பெனியிலிருந்து வருவதற்குச் சற்று முன் திரும்பச் சொருகிவிடுவேன்.

மனிதர் செருப்பைக்கூடக் கழற்றாமல் நின்று கேட்பார். காலண்டரில் பத்து மணி நேரம் என்று எழுதுவார். பேஸ் சத்தம் ஆழமாக இறங்கிவிட்டது, குரல் உருகுகிறது என்று நாளுக்கொரு வியாக்கியானம் வேறு. நான் டிபன் பாக்ஸ் கட்டிக்கொண்டு கிளம்பிவிடுவேன்.

பத்தாம் நாள் சாயங்காலம் தோஸ்து ஒருவரைக் கூட்டிவந்தார். "மொத நாளு கலீஜா இருந்துச்சு மாமு. இப்ப கேளு, இன்னாமா பேசுது" என்றார்.

எனக்குப் பொறுக்கவில்லை. "மொத நாளு மட்டும்தான் ஓடிச்சு. மத்த நாளெல்லாம் வயரப் புடுங்கிட்டு நான் தூங்கிகினு இருந்தேன்" என்றேன்.

அசடு வழிவார் என்று பார்த்தேன். குனிந்து ஸ்பீக்கரில் காதை வைத்தார். "அதான பாத்தேன். எங்கியோ இடிச்சிகினே கீது" என்றார். காலண்டரில் எழுதியதையெல்லாம் அடித்துவிட்டு, நாளையிலிருந்து புதிதாக நூறு என்றார்.

டூட்டிக்குக் கிளம்பும்போது அந்த வயரைச் சுருட்டிக் கைப்பையில் போட்டுக்கொண்டேன். இன்றும் வார்டு லாக்கரில்தான் கிடக்கிறது. வேறு வயர் போட்டால் குரல் கெட்டுப்போகும் என்று கடைக்காரர் சொல்லியிருக்கிறாராம். அந்த மகராசன் நல்லா இருக்கட்டும்.