நாற்பதில் போய் அறுபதில் மடங்கி

எங்கள் கணக்கு சார் பொய் சொன்னார். அடித்ததைக்கூட விட்டுவிடலாம். அந்தக் காலத்தில் எல்லா சார்களும்தான் அடித்தார்கள். இவர் அடித்துவிட்டு, அடித்ததற்குக் காரணமாக ஒரு பொய்யைச் சொன்னார். அந்தப் பொய்யை இன்றுவரை அவர் திரும்ப வாங்கவில்லை.

பெயரை எழுதப் போவதில்லை. படித்தால் அவருக்கே தெரியும்.

தம்பானூரில் பஸ் ஸ்டாண்டுக்கு எதிர்ச் சந்தில் எனக்கு ஒரு சின்ன டிடிபி கடை இருக்கிறது. போன வாரம் ஓர் ஆள் வந்தார். "சேச்சி, ஒரு நோட்டீஸ் அடிக்கணும். மலையாளத்திலயும் வேணும், தமிழ்லயும் வேணும். பழைய ஸ்டூடண்ட்ஸ் எல்லாம் சேர்ந்து சாருக்கு ஒரு பாராட்டு விழா வைக்கறோம்" என்று போனில் படத்தைக் காட்டினார். மீசை நரைத்திருந்தது. மற்றபடி எங்கள் சாரின் அதே முகம். கீழே போட வேண்டிய வரியையும் அவரே வாசித்தார்: சூரல் கஷாயம் தந்து நம்மை மனிதராக்கிய குருநாதர். சூரல் என்றால் பிரம்பு. பிரம்படி வாங்குவதை மலையாளிகள் கஷாயம் குடிப்பது என்று வேடிக்கையாகச் சொல்வார்கள். குடித்த எனக்கு வேடிக்கையாக இல்லை.

வாங்கி வைத்துக்கொண்டேன். தொழில். மலையாளத்தை முடித்துத் தமிழை அடிக்க ஆரம்பித்தபோது பக்கத்து ஓட்டலில் ரசத்துக்குத் தாளித்தார்கள். பெருங்காய வாசனை வந்தது. அதற்குப் பிறகு கை ஓடவில்லை.

ஏனென்றால் சார் எங்களுக்குப் பாடம் எடுத்த ட்யூட்டோரியல் ஒரு பெருங்காயக் கிடங்கின் மாடியில் இருந்தது. சாலை என்கிற கடைத்தெருவில் மரப்படி ஏறிப் போக வேண்டும். கீழே கடைக்காரர் மலையாளத்தில் "காயம்" என்று பெரிதாக எழுதி வைத்திருந்தார். அவர்களுக்குக் காயம் என்றால் பெருங்காயம். தமிழில் படித்தால் நாங்கள் மேலே போய் வாங்கியது. இந்த ஜோக்கை அப்போது நான்தான் கண்டுபிடித்தேன், அதில் எனக்கு ரொம்பப் பெருமை. கணக்கில் நான் வாங்கிய மார்க்கைச் சொன்னால் நீங்கள் என் கடைக்கு வரமாட்டீர்கள். ஆக, பெருமைப்பட வேறு எதுவும் இல்லை.

ட்யூட்டோரியல் என்பது என்னவென்று இப்போதுள்ள பிள்ளைகளுக்குத் தெரியாது. எஸ்எஸ்எல்சியில் தோற்றவர்களைச் சேர்த்துவைத்து மறுபடி எழுத வைக்கிற இடம். எங்களுக்கு வயது பதினாறு, பதினேழு. மீசை முளைத்த பையன்களும் தாவணி போட்ட பெண்களும் கையை நீட்டிக்கொண்டு வரிசையில் நிற்போம். தோற்றவர்கள்தானே, அடித்தால் யார் கேட்பார்கள்.

சாருக்குப் பிடித்த கணக்கு சராசரி வேகம். ஒருவன் நாற்பது கிலோமீட்டர் வேகத்தில் போய் அறுபது கிலோமீட்டர் வேகத்தில் மடங்கி வந்தால் சராசரி என்ன? எல்லாரும் இரண்டையும் கூட்டிப் பாதியாக்கி ஐம்பது என்போம். அதற்காகவே காத்திருப்பார். ஐம்பது சொன்ன கைக்கெல்லாம் அடி. பிரம்பு காற்றில் வருகிற சத்தம் முதலில் கேட்கும், வலி அப்புறம் வரும். ஒரு பையனுக்கு நகம் பெயர்ந்து தொங்கியது. அவன் அழவில்லை என்பதற்காக இன்னொன்று போட்டார். நாற்பத்தெட்டு என்று கரும்பலகையில் எழுதி அடிக்கோடு போடுவார். ஏன் நாற்பத்தெட்டு என்று ஒருநாளும் சொன்னதில்லை.

எனக்கு அது புரிந்தது பல வருஷம் கழித்து, நாகர்கோவில் பஸ்ஸில். போகும்போது நெய்யாற்றின்கரையிலேயே நெரிசலில் மாட்டி ஊர்ந்து போனோம். திரும்பும்போது சாலை காலியாக இருந்தது, பறந்து வந்தோம். ஆனாலும் அந்த நாள் முழுக்க ஊர்ந்த மாதிரிதான் இருந்தது. அவ்வளவுதான் விஷயம். தூரம் ஒன்றுதான், ஆனால் மெதுவாகப் போன பாதிக்கு அதிக நேரம் ஆகிறது. அதனால் சராசரி அந்தப் பக்கம் சாய்கிறது. நூற்றிருபது கிலோமீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். போக மூன்று மணி நேரம், வர இரண்டு மணி நேரம். இருநூற்று நாற்பதை ஐந்தால் வகுத்தால் நாற்பத்தெட்டு வந்துவிடுகிறது. இதைச் சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்? எங்களை வரிசையில் நிறுத்தி அடிக்கிற நேரத்தில் நாலு தரம் சொல்லியிருக்கலாம்.

என் பக்கத்தில் உட்கார்ந்தவள் இசக்கி. கோவில்பட்டிப் பக்கத்துக் கிராமம். கட்டட வேலைக்கு வந்த அம்மாவோடு வந்தவள். பையன்கள் அவளை யட்சி, யட்சி என்று கூப்பிடுவார்கள். "யட்சின்னா ரத்தம் குடிக்கும்ல, பக்கத்துல வா" என்று ஒருவனிடம் சொன்னாள். அப்புறம் அவன் கூப்பிடவில்லை. நல்ல குரல். தம்பானூரில் ஒரு லாட்ஜ் மேனேஜர், எஸ்எஸ்எல்சி பாஸ் பண்ணிவிட்டு வா, டெலிபோன் போர்டில் உட்கார வைக்கிறேன் என்று அவளிடம் சொல்லியிருந்தார். இரண்டு பாஷை பேசுகிற ஆள் அவருக்குத் தேவை. சாந்துச் சட்டி சுமக்காமல் நாற்காலியில் உட்கார்ந்து "ஹலோ" சொல்கிற வேலை. தண்ணீர் பிடிக்கப் போகிற வழியெல்லாம் எனக்கு "ஹலோ, ரிசப்ஷன்" என்று சொல்லிக் காட்டுவாள்.

அன்றைக்கு சார் அவளை எழுப்பினார். அவள் "ரெண்டாயிரத்து நானூறு" என்றாள்.

"தும்பயில்நிந்நு ராக்கெட்டு விட்டதாணோடீ?" என்று கேட்டார் சார். பக்கத்தில் தும்பாவிலிருந்துதான் ராக்கெட் விடுவார்கள். வகுப்பு சிரித்தது. நானும் சிரித்தேன், அது சிரிப்பு வருகிற பதில்தான்.

"எந்தினாடீ பெருக்கியது?" ஏன் பெருக்கினாய் என்று கேட்டார்.

"மடங்குன்னு போட்டிருக்கே சார்."

அவள் மேல் தப்பில்லை. வாய்ப்பேச்சில் இங்கே எல்லாரும் திரிச்சு வந்து என்பார்கள். அது அவளுக்குத் தெரியும். மடங்கி என்பது புத்தக மலையாளம். தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் படித்து வந்தவள் மடங்கு என்று பார்த்தால் பெருக்கத்தான் செய்வாள்.

"மடங்கி எந்நால் திரிச்சு வந்நு. ஏது நாட்டீந்நாடீ நீ?" என்று அவள் ஊரைக் கேட்டுக் கத்தினார்.

பயத்தில் அவளுக்கு மலையாளம் போய்விட்டது. "எங்க பட்டியில திரும்பின்னுதான் சொல்லுவாக சார்" என்றாள்.

பட்டி என்றால் அவளுக்கு ஊர். மலையாளத்தில் பட்டி என்றால் நாய். பின் பெஞ்சிலிருந்து எவனோ, "ஐயோ, சாரினெ பட்டின்னு விளிச்சு" என்றான். சிரிப்பு நின்றுவிட்டது.

சார் பிரம்பைக் கீழே வைத்தார். அதை நான் மறக்கவே மாட்டேன். பிரம்பு போதாது என்று நினைத்துக் கீழே வைத்தார். உள்ளங்கையை விரித்து இடது காதோடு சேர்த்து அறைந்தார். இசக்கி பெஞ்சின் மேல் விழுந்தாள். முடியைப் பிடித்துத் தூக்கி அதே இடத்தில் மறுபடி அறைந்தார். மூன்றாவதுக்குக் கை ஓங்கினபோது நான் எழுந்து, "சார், அவ ஊரைச் சொன்னா, ஊர்னு அர்த்தம்" என்று கத்தினேன். பிரம்பை எடுத்து என் முழங்கையில் ஒன்று போட்டார். இசக்கியின் காதிலிருந்து ரத்தம் இறங்கித் தாவணியில் ஒட்டியது. அவள் வாயைத் திறந்து திறந்து மூடினாள். காது அடைத்துவிட்டதா என்று சோதித்துப் பார்த்தாளாம். அதைப் பிறகு என்னிடம் சொன்னாள்.

சாயங்காலம் அவள் அம்மா வேலைத்தளத்திலிருந்து சிமென்ட் காலோடு ஓடி வந்தாள். இப்போது கவனமாகக் கேளுங்கள், நான் சொல்ல வந்தது இதைத்தான். சார் அந்த அம்மாவிடம் மலையாளத்தில் பேசவில்லை. நல்ல தமிழில் பேசினார். "உங்க பொண்ணு என்னைப் பார்த்து நாய்னு சொல்லிட்டாம்மா. நான் ஒரு தட்டு தட்டினேன், பெஞ்சுல இடிச்சுக்கிட்டா."

நாய் என்றார். தமிழில் பட்டி என்றால் நாய் இல்லை என்று தெரிந்த மனிதர்தான் அந்தச் சொல்லை மாற்றிப் போட முடியும். தமிழ்ப் பெண் ஒருத்தி அவரைத் திட்ட நினைத்தால் நாய் என்றுதான் திட்டுவாள் என்பதும் அவருக்குத் தெரியும். சாலைத் தெருவில் தமிழ்க் கடைக்காரர்களோடு அவர் பேரம் பேசுவதைத் தினமும் கேட்டிருக்கிறோம். கோபத்தில் காது தப்பாகக் கேட்டது என்றால் அது ஒரு நிமிஷம். சாயங்காலம்வரை யோசித்துவிட்டுத்தான் இதைச் சொன்னார்.

"இல்லம்மா, பட்டின்னுதான் சொன்னா" என்றேன். அந்த அம்மா என்னைப் பார்க்கவேயில்லை. "சார் பொய் சொல்லுவாகளா?" என்று சொல்லிவிட்டு மகளை அந்த மரப்படியிலேயே அடிக்க ஆரம்பித்தாள். காதில் பஞ்சு வைத்திருந்த பெண்ணைத் தெரு முழுக்க அடித்துக்கொண்டே கூட்டிப் போனாள். மறுநாள் இசக்கி சாந்துச் சட்டி சுமந்தாள். இடது காது போனது போனதுதான். லாட்ஜில் வேறொரு பெண் ஹலோ சொன்னாள்.

நோட்டீஸை எடுத்துக்கொண்டு இசக்கியிடம் போனேன். இப்போது அதே சாலைக் கடைத்தெருவில் கீரை விற்கிறாள். இடது பக்கம் வந்து நிற்பவர்கள் கூப்பிட்டால் கேட்காது. திமிர் பிடித்தவள் என்று பேர்.

"வாசிட்டி" என்றாள். வாசித்தேன்.

"மனுசராக்குனாரா? அதுக்கு முந்தி நான் என்ன, மாடாவா இருந்தேன்?" என்றபடி கீரைக்குத் தண்ணீர் தெளித்தாள். கட்டுகளைத் திருப்பி அடுக்கிக்கொண்டே சொன்னாள்: "காதை விடு, அது போயாச்சு. எங்கம்மா சாகுறப்போ என்ன சொன்னா தெரியுமா? ஒரு தரம் அந்த சார் கால்ல விழுந்து மன்னிப்புக் கேட்டுருட்டின்னா. நம்பிட்டே செத்துட்டா. எனக்கு வர்ற ஆத்திரத்துக்கு அவனை இந்த அரிவாளாலயே…" முடிக்கவில்லை. ஒருவர் தண்டுக்கீரை கேட்டார்.

ட்யூட்டோரியல் போய்விட்டது. பெருங்காயக் கிடங்கை இடித்து மொபைல் கடை கட்டிவிட்டார்கள். லாட்ஜில் டெலிபோன் போர்டே இல்லை, எல்லாரும் கையில் வைத்திருக்கிறார்கள். சாந்துச் சட்டியை இப்போது வங்காளத்துப் பையன்கள் சுமக்கிறார்கள், அவர்களிடம் யாரும் தமிழ் பேசுவதில்லை. வகுப்பில் அடித்தால் போலீஸ் வரும். அந்த அம்மா இல்லை. உண்மையைக் கேட்டிருக்க வேண்டிய ஒரே ஆள் அவள்தான்.

நோட்டீஸை ஒரு பிழைகூட இல்லாமல் அடித்துக் கொடுத்துவிட்டேன். விழாவுக்கு நானும் வருகிறேன், இசக்கியும் வருகிறாள். வந்து யார் காலிலும் விழப்போவதில்லை. சார், பொன்னாடை போட்ட பிறகு உங்கள் கையில் மைக்கைக் கொடுப்பார்கள். எல்லாருக்கும் நன்றி சொல்வதற்கு முன்னால் இதற்குப் பதில் சொல்லுங்கள்: இசக்கி உங்களை நாய் என்று சொன்னாளா, இல்லையா? எந்தப் பாஷையில் வேண்டுமானாலும் சொல்லுங்கள். சபையில் எல்லாருக்கும் கேட்கிற மாதிரி சொல்லுங்கள்.